தோள் ஜவ்வு ஆபரேஷன்: டைட்டானியம் ஆங்கரா, கரையும் ஆங்கரா?

காசிமேடு_மகன் (ராயபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 58. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். போன மாதம் கரையில் மீன் பெட்டி இறக்கும்போது பெட்டி நழுவியது. அதைப் பிடிக்கப் போய் வலது கை வெடுக்கென்று இழுபட்டுவிட்டது. முதலில் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டார். வீக்கம் வடிந்தது, கை மட்டும் மேலே போகவில்லை. சட்டை மாட்டக்கூட இடது கை வந்து வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து கடலுக்குப் போகவில்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இருப்பது: சுப்ராஸ்பைனேட்டஸ் (கையைத் தூக்க உதவும் தோள் தசை) தசைநாண் முழு கனத்துக்கும் கிழிந்திருக்கிறது, கிழிசல் 2.5 செ.மீ., கொஞ்சம் பின்னால் இழுபட்டிருக்கிறது, தசையில் கொழுப்பு படிந்தது குடாலியே அளவில் (0 முதல் 4 வரை) 1.

இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். சாவித்துவார ஆபரேஷன் வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஒருவர் டைட்டானியம் ஆங்கர் (தசைநாணை எலும்போடு சேர்த்துக் கட்டப் போடுவது) இரண்டு போதும் என்கிறார். இன்னொருவர் கரைகிற வகையில் நான்கு, இரண்டு வரிசையாக, முடிச்சில்லாமல் போட வேண்டும் என்கிறார். இரண்டாவது எஸ்டிமேட் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கூடுகிற பணம் பெரும்பாலும் ஆங்கர் கணக்கில்தான் வருகிறது. பணம் எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் அல்லவா? எது நல்லது?

இன்னொரு விஷயம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கும்போது ஆபரேஷன் செய்துகொண்டு, ஜூன் 14 முடிந்ததும் படகு ஏறிவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அது நடக்குமா?

ஸ்கிரப்_சிஸ்டர் (பழைய வண்ணாரப்பேட்டை)

தம்பி, நான் தியேட்டர் நர்ஸ். இந்த ஆங்கரை எல்லாம் டாக்டர் கையில் எடுத்துக் கொடுக்கிற வேலை. எதைப் போடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியும். எஸ்டிமேட்டைப் படிக்கும்போது உதவும்.

ஆங்கர் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. தோளுக்குப் போடும் திருகு வகை பெரும்பாலும் 4.5 முதல் 6.5 மி.மீ. குறுக்களவு இருக்கும். நீளமான கைப்பிடியின் முனையில் மாட்டியே பாக்கெட்டில் வரும். ஆங்கருக்குள் ஒரு கண், அதில் இரண்டு அல்லது மூன்று நூல். ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு நிறம், ஒன்று நீலம், ஒன்று வெள்ளையில் கோடு போட்டது என்று. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவில் எந்த முனை எதோட ஜோடி என்று தெரிய வேண்டும், அதற்குத்தான்.

மேற்கை எலும்பின் தலையில் தசைநாண் ஒட்டியிருந்த இடம் ஒன்று உண்டு. அதை லேசாகச் சுரண்டி ரத்தம் கசிய வைப்பார்கள். குத்துளியால் துளை போட்டு, ஆங்கரை எலும்பு மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை திருகுவார்கள். பிறகு நூலை ஒவ்வொன்றாகத் தசைநாண் வழியாக எடுத்து முடிச்சுப் போடுவார்கள். தசைநாண் எலும்போடு அழுந்தி உட்காரும்.

டைட்டானியம் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும். கரையும் வகையில், எலும்பு கெட்டியாக இருந்தால் முதலில் மரை வெட்டும் கருவியால் மரை வெட்ட வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் ஆங்கர் உடையும், என் கண் முன்னால் உடைந்திருக்கிறது. உடைந்துபோன ஆங்கருக்கும் பில் வருமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முடிச்சில்லாத வகையில், தசைநாணுக்கு மேலே வந்த நூலையோ பட்டையான டேப் நூலையோ ஆங்கர் முனையில் கோத்து, எலும்பின் வெளிப்பக்கத்துத் துளைக்குள் ஆங்கரோடு சேர்த்து இறக்கி இறுக்கிவிடுவார்கள். உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்ன நான்கு, அநேகமாக உள்வரிசையில் இரண்டு, வெளிவரிசையில் இரண்டு.

தோள்_டாக்டர்_வியாசை (வியாசர்பாடி)

ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். உங்களிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஆங்கர் எந்தப் பொருளில் செய்தது என்பது ஒன்று. ஒரு வரிசையா, இரண்டு வரிசையா என்பது இன்னொன்று. இரண்டு எஸ்டிமேட்டிலும் இவை ஒன்றாகக் கட்டி வந்திருக்கின்றன, குழப்பம் அங்கேதான். டைட்டானியத்தை வைத்தும் இரண்டு வரிசை போடலாம், கரையும் ஆங்கரை வைத்தும் ஒற்றை வரிசை போடலாம்.

முதலில் வரிசை. கிழிசலின் அளவை ஒரு செ.மீ.க்குள் சிறியது, 1 முதல் 3 நடுத்தரம், 3 முதல் 5 பெரியது, அதற்கு மேல் மிகப் பெரியது என்று பிரிப்பது வழக்கம். 3 செ.மீ.க்கு உட்பட்ட கிழிசலில், வலி குறைவதிலும் கை வேலை செய்வதிலும் ஒற்றை வரிசைக்கும் இரட்டை வரிசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பெரும்பாலான ஒப்பீடுகள் சொல்கின்றன. கிழிசல் பெரிதானால் இரட்டை வரிசையில் மறுபடி கிழிவது குறைகிறது. உங்கள் அப்பாவின் 2.5 செ.மீ. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இழுக்கிற, தூக்குகிற வேலை செய்பவர். என் நோயாளியாக இருந்தால், தசைநாண் இழுத்தால் வருகிற நிலையில் இருக்கும்பட்சத்தில் இரட்டை வரிசைப் பக்கம்தான் சாய்வேன். வராத தசைநாணைக் கட்டாயப்படுத்தி இரண்டு வரிசைக்கு இழுத்தால் கெடுதல். உள்வரிசையை மிஞ்சி இறுக்கினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். பிறகு ஆங்கர் போட்ட இடம் நன்றாக இருக்கும், அதற்குச் சற்று உள்ளே, தசையும் நாணும் சேரும் இடத்தில் அறுந்துபோகும். அப்படிக் கிழிந்ததை மறுபடி தைப்பது மிகவும் கஷ்டம், ஏனென்றால் தைக்க நாணே மிஞ்சாது.

அடுத்தது பொருள். நல்ல எலும்பில் சரியாக இறக்கிய ஆங்கர் எதுவாக இருந்தாலும் அது பிடுங்கிக்கொண்டு வருவது அபூர்வம். தோற்பது பெரும்பாலும் நூலும் தசைநாணும் சந்திக்கும் இடம். நைந்த புடவையை நைலான் நூலால் தைத்தால் நூல் நிற்கும், புடவைதான் கிழியும். தோளிலும் அதேதான் நடக்கிறது. இப்போது வரும் நூல்கள் பெரும்பாலும் மிக அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன், முன்பு போட்ட பாலியஸ்டர் நூல்களைவிட மிகவும் உறுதி. நூல் அறுவது குறைந்துவிட்டது. நூல் தசைநாணை அறுப்பதுதான் இன்றைய தொல்லை.

கொளத்தூர்_ஸ்பின்னர்

நான் கிரிக்கெட் ஆடுகிறவன், எனக்குத் தோள் விலகி லேப்ரம் (தோள் குழி விளிம்பில் உள்ள ஜவ்வு) தைத்தார்கள். முழுக்க நூலாலேயே செய்த ஆங்கர் போட்டார்கள். உள்ளே இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. துளையும் மிகச் சின்னது. அதுதான் புதுசு. உங்கள் அப்பாவுக்கும் அதையே கேளுங்கள் அண்ணா.

தோள்_டாக்டர்_வியாசை (வியாசர்பாடி)

> அதுதான் புதுசு. உங்கள் அப்பாவுக்கும் அதையே கேளுங்கள்

தம்பி, உங்களுக்குப் போட்டது சரியான இடத்தில் சரியான ஆங்கர். தோள் குழியின் விளிம்பு எலும்பு மெல்லியது, ஆனால் கெட்டி. அங்கே 1.4 மி.மீ. போன்ற சின்ன அளவிலும் கிடைக்கிற நூல் ஆங்கர் பெரிய வசதி. துளைக்குள் இறக்கி, நூலைப் பின்னால் இழுத்தால், அது சுருண்டு பந்தாகி எலும்பின் மேலோட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதாவது முழு பலமும் அந்த மேலோட்டைப் பொறுத்தது.

ரொட்டேட்டர் கஃப் (உங்கள் அப்பாவுக்குக் கிழிந்த சுப்ராஸ்பைனேட்டஸ் உட்பட, தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள்) ஒட்டுகிற இடம் வேறு. கிழிந்து பல மாதம் ஆனவர்களுக்கு, வயதானவர்களுக்கு, அங்கே மேலோடு மெலிந்திருக்கும், உள்ளே பஞ்செலும்பு காலியாகிக் கிடக்கும். அதற்கு மேல் நாமும் சுரண்டுகிறோம். அங்கே நூல் ஆங்கரைப் போடுவது தவறில்லை, பெரிய அளவிலும் அவை வருகின்றன, நானும் போடுகிறேன். ஆனால் போட்டதும் இழுத்துப் பார்த்து, அது நழுவாமல் உட்கார்ந்ததா என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். முழுதாகச் சுருளாத ஆங்கர் பின்னால் சில மில்லிமீட்டர் மேலேறினால் போதும், தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். அந்த இடைவெளியில் ஒட்டுதல் நடக்காது.

எலும்பு மெலிந்தவர்களுக்கு என் முதல் தேர்வு, ஆழமான மரை உள்ள பெரிய திருகு ஆங்கர். அது பிடிக்கவில்லை என்றால் இன்னும் பருமனான 6.5 மி.மீ.

மணலி_பாலிமர்

மணலியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் பிளாஸ்டிக் தரச்சோதனை என் தொழில். அண்ணனுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது பொருளைப் பற்றி மட்டும் நிறையப் படித்தேன். அதை எழுதுகிறேன்.

டைட்டானியம் கலவை: மிகவும் கெட்டி, உடையாது, எக்ஸ்ரேயில் எங்கே இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். காந்தத்தால் இழுபடாது, அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆபத்தில்லை. ஆனால் அதைச் சுற்றிப் படம் சிதையும். மறுபடி ஆபரேஷன் என்றால் பழைய திருகு வழியில் நிற்கும். கழன்று வந்து மூட்டுக்குள் விழுந்தாலோ எலும்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ குருத்தெலும்பைக் கீறிவிடும்.

பீக்: இது கரையாத பிளாஸ்டிக். உருகுநிலை 340 டிகிரி செல்சியஸுக்கு மேல், விமான பாகங்களுக்கெல்லாம் போடுவது. எம்.ஆர்.ஐ. படம் சுத்தமாக வரும். மறு ஆபரேஷனில் அதன் மேலேயே துளை போட்டுவிடலாம். குறை, எலும்பு அதோடு ஒட்டிப் பிணையாது, சுற்றி அணைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பலர் இதைக் கரையும் வகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கரையாது.

கரையும் வகைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் பாலிகிளைகாலிக் அமிலத்தில் செய்தார்கள். அது சில வாரத்திலேயே பலம் இழந்துவிடும். தசைநாண் ஒட்டவே மூன்று மாதம் வேண்டும்போது அது போதாது. வேகமாகச் சிதைவதால் மூட்டில் அழற்சியும் வந்தது. பிறகு பாலிலாக்டிக் அமிலத்துக்கு மாறினார்கள். சுத்தமான எல் வகை மறுகோடிக்குப் போனது, பல வருடம் அப்படியே கிடக்கும். சிலருக்கு ஆங்கரைச் சுற்றி எலும்பு அரித்து நீர்க்கட்டி வந்ததும் பதிவாகியிருக்கிறது.

இப்போது நல்ல இடங்களில் போடுவது கலப்பு வகை. பாலிலாக்டிக் குடும்பத்துப் பிளாஸ்டிக்கோடு பீட்டா ட்ரைகால்சியம் ஃபாஸ்ஃபேட் போன்ற கால்சிய உப்பைக் கலந்தது. பிளாஸ்டிக் சிதையச் சிதைய எலும்பு உள்ளே வளர்வதற்கு அந்த உப்பு இடமும் கால்சியமும் கொடுக்கும். தண்ணீர் உள்ளே ஊறி மூலக்கூறுச் சங்கிலியை வெட்டித்தான் இது சிதைகிறது. கடைசியில் மிஞ்சுவது லாக்டிக் அமிலம், உடம்புக்குப் பழக்கமான பொருள். அமிலத் தன்மையைக் கால்சிய உப்பு கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது என்பதும் ஒரு லாபம். ஆனாலும் ஆங்கர் இருந்த இடம் முழுக்க எலும்பாக நிரம்பிவிடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

நம் ஊருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈரத்தில் சிதைகிற பொருளை ஈரமும் வெயிலும் நிறைந்த ஊரில் வைத்திருக்கிறோம். அதனால்தான் அலுமினியத் தகடு உறையில் அடைத்து வருகிறது. எந்த வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையிலும் டூவீலர் பெட்டியிலும் சுற்றிவிட்டு வந்த ஆங்கரை நான் நம்ப மாட்டேன்.

லோகோ_பெரியவர் (பெரம்பூர்)

எனக்கு வலது தோளில் டைட்டானியம் இருக்கிறது. லோகோ ஷெட்டில் வேலை பார்த்தபோது போட்டது, பல வருடம் ஆகிறது. கை நன்றாகத் தூக்குகிறேன், பேரனையும் தூக்குகிறேன். பிறகு கழுத்து வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. தோளுக்கே ஒருமுறை எடுத்தபோதுதான் ஆங்கரைச் சுற்றிக் கறுப்புத் திட்டு, டாக்டர் அல்ட்ராசவுண்ட் செய்து பார்த்துக்கொண்டார். விமான நிலைய வாசலில் இதுவரை சத்தம் வந்ததில்லை. இரும்பு போட்டால் உடம்புக்கு ஆகாது, மழை நாளில் குடையும் என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்காதே தம்பி.

எண்ணூர்_செல்வி

என் அம்மாவுக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வயது 67, இருபது வருடமாகச் சர்க்கரை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய கிழிசலுக்குச் செய்தோம். உயர்ந்த ரக ஆங்கர், வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். ஐந்து மாதத்தில் வலி திரும்பி வந்தது. ஆங்கர் கழன்றுவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். வேறு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆங்கர் அத்தனையும் போட்ட இடத்தில் ஆடாமல் இருக்கிறது. தசைநாண்தான் நூலிலிருந்து அறுந்து போயிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் ஆங்கர் மேல் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே தசையில் கொழுப்பு நிலை 3 என்று அந்தப் பழைய ஸ்கேனிலேயே எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு (ஹெச்.பி.ஏ.1.சி.) 9-க்கு மேல் இருந்தபோதே தேதி கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் என்ன ஆங்கர் போட்டார்கள் என்று கேட்டார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கர் நான்கு என்று மட்டும் இருந்தது. கம்பெனி, அளவு, எதுவும் இல்லை. கேட்டுப் போனால் ஃபைல் கிடைக்கவில்லை என்றார்கள்.

தோள்_டாக்டர்_வியாசை (வியாசர்பாடி)

செல்வி மேடம், படிக்கவே வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு அந்த 3-ஐ விளக்கியிருக்க வேண்டும். நிலை 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி. 4 என்றால் கொழுப்பு அதிகம். தைத்த பிறகும் அந்தக் கொழுப்பு திரும்பிப் போவதில்லை. அப்படிப்பட்ட தசைநாணைத் தைக்கவே கூடாது என்பதில்லை, ஆனால் ஒட்டாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிட்டுத்தான் கத்தி எடுக்க வேண்டும். சர்க்கரை, புகைப்பழக்கம், வயது, கிழிசலின் அளவு, இவை நான்கும் ஆங்கரின் பிராண்டைவிடப் பெரிய விஷயம்.

2004-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு ஆய்வு வெளியானது. பெரிய, மிகப் பெரிய கிழிசல்களைச் சாவித்துவார முறையில் தைத்த 18 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. அந்தக் காலத்து ஒற்றை வரிசைத் தையல் அது. எங்கள் துறையையே உலுக்கிய எண் அது. இரட்டை வரிசை, உள்வரிசையிலிருந்து வெளிவரிசைக்கு நூலைப் பாலம்போல் இழுக்கும் முடிச்சில்லாத தையல் எல்லாம் வேகமாக வளர்ந்ததற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதில் இருந்தது. கிழிந்திருந்தும் முதல் வருடத்தில் பலருக்கு வலி குறைந்து கையும் உயர்ந்தது. அடுத்த வருடத்தில் அந்த லாபம் கொஞ்சம் தேய்ந்தது.

காசிமேடு தம்பி, உங்கள் அப்பாவுக்குக் கொழுப்பு நிலை 1, கிழிசல் புதியது, விபத்தில் வந்தது. ஒட்டுவதற்கு நல்ல சூழ்நிலை. இதைத் தள்ளிப்போட்டு 2, 3 ஆக்காதீர்கள்.

பிசியோ_தண்டையார்பேட்டை

தடைக்காலக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் காசிமேடு, திருவொற்றியூர் குப்பத்து ஆட்களும் துறைமுகத்தில் லோடு தூக்குகிறவர்களும்தான். எல்லோரும் இதே கணக்கோடு வருகிறார்கள்.

தடைக்காலம் 61 நாள். ஒன்பது வாரம்கூட இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் கை ஸ்லிங்கில் இருக்கும். அந்த நேரத்தில் கையை நாங்கள் அசைப்போம், அவர் தானாகத் தூக்கக்கூடாது. முழங்கை, மணிக்கட்டு, விரல் மட்டும் அவர் அசைக்கலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு மற்றக் கையின் துணையோடு, அப்புறம் தனியாக. பாரம் சேர்த்துப் பயிற்சி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான். கயிறு இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாம் ஐந்தாறு மாதம் கழித்து, அதுவும் பலம் சோதித்த பிறகு. ஜூன் 15-ல் படகு ஏறினால் முதல் இழுப்பிலேயே தையல் போய்விடும். எந்த ஆங்கரும் காப்பாற்றாது.

இப்போது ஜனவரி. அவர் எப்படியும் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில்தான் இருக்கிறார். ஏப்ரல் வரை காத்திருந்து செய்தால் ஆறு மாதம் அக்டோபர் நடுவில் முடியும், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். பிப்ரவரி ஆரம்பத்தில் செய்தால் ஆகஸ்ட் ஆரம்பத்தில் திரும்பலாம், தடைக்காலம் முழுவதும் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே போய்விடும். இரண்டு மாதத்துக்கு மேல் லாபம். அதோடு விபத்தில் கிழிந்ததை மூன்று நான்கு மாதத்துக்குள் தைப்பது நல்லது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆங்கருக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு, மூன்றாவது வாரத்தில் பிசியோவுக்குக் காசில்லை என்று வராமல் நின்றுவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மனசு ஆறவில்லை. பட்ஜெட் போடும்போது மூன்று மாதப் பிசியோவையும் வீட்டுச் செலவையும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் ஆங்கர்.

காசிமேடு_மகன் (ராயபுரம்)

ரொம்ப நன்றி அக்கா. அந்த அக்டோபர் கணக்கைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை, அப்புறம் சரி என்றுவிட்டார். இரண்டு சந்தேகம். விலையைக் குறைக்க வழி உண்டா? அப்புறம், ஆங்கரை மறுபடி சுத்தம் செய்து போடுவதாகத் துறைமுகத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?

பூக்கடை_சர்ஜிகல்ஸ்

பூக்கடைப் பக்கம் சர்ஜிகல் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன், ஆங்கர் விற்பதில்லை. 2017-ல் இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மாற்று மூட்டுக்கும் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தது. தோள் ஆங்கருக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. 2020 ஏப்ரலிலிருந்து மருத்துவச் சாதனங்கள் எல்லாம் மருந்து என்ற கணக்கில் வந்ததால், எம்.ஆர்.பி.யை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். அதனால் எம்.ஆர்.பி. ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் விலை இன்னொன்று, நடுவில் நிறைய இடம். பேசினால் குறையும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆர்த்ரெக்ஸ், ஸ்மித் அண்ட் நெஃப்யூ, ஸ்ட்ரைக்கர், கான்மெட், மைடெக் எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள். இங்கே ஹெல்தியம் நிறுவனத்தின் சிரானிக்ஸ் போல இந்திய ஆங்கர்களும் வந்துவிட்டன. டாக்டருக்குப் பழகிய கருவியா என்பதுதான் முக்கியம். எஸ்டிமேட்டில் ஷேவர் பிளேடு, ரேடியோ அலைக் குச்சி, கேனுலா, பம்ப் டியூப் என்று தனி வரிகள் இருக்கும். ஆங்கரை மட்டும் பார்த்துவிட்டு இவற்றை விட்டுவிடாதீர்கள். இவையும் சேர்ந்து நல்ல தொகை வரும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்டான்லியில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் ஸ்கேனோடு போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து நடக்கிற தூரம்தானே.

ஸ்கிரப்_சிஸ்டர் (பழைய வண்ணாரப்பேட்டை)

மறுபடி போடுவது பற்றி: ஒருமுறை எலும்புக்குள் போன ஆங்கரை எடுத்து இன்னொருவருக்குப் போடுவது கிடையாது. பிரச்சினை வேறு இடத்தில். பாக்கெட் பிரித்து, போடாமல் வைத்த ஆங்கர். அதை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்து வைக்கலாமா என்ற கேள்வி தியேட்டரில் வரும். கூடாது. லேபிளிலேயே ஒரு தடவைக்கு மட்டும் என்று இருக்கிறது. கரையும் வகையை ஆட்டோகிளேவ் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக்கே கெட்டுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு ஆங்கர் பாக்கெட்டிலும் ஒட்டுகிற ஸ்டிக்கர் சில இருக்கும். கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம், ஒன்று பில்லுக்குப் போகும். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நான்கு ஆங்கர் என்றால் நான்கு ஸ்டிக்கர். எண்ணிப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லி வைத்தால் நாங்கள் எடுத்து வைப்போம். குப்பைக்குப் போன பிறகு கேட்டால் கிடைக்காது. செல்விக்கு அந்த ஸ்டிக்கர் இருந்திருந்தால் இரண்டாவது டாக்டருக்கு எவ்வளவோ வேலை மிச்சம்.

காசிமேடு_மகன் (ராயபுரம்)

நேற்று இரண்டாவது டாக்டரிடம் மறுபடி போனோம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். கோபப்படாமல் உட்கார்ந்து பதில் சொன்னார். நான்கு என்பது அதிகபட்சம். உள்ளே போய்க் கொக்கியால் இழுத்துப் பார்த்து, தசைநாண் சுலபமாக வெளிவரிசை வரை வந்தால் இரண்டும் இரண்டும். இறுக்கமாக இருந்தால் மூன்று நூல் கோத்த ஆங்கர் இரண்டை உள்வரிசையில் மட்டும் போட்டு நிறுத்திவிடுவேன் என்றார். உள்வரிசைக்குக் கலப்பு வகையே வேண்டுமா என்று கேட்டதற்கு, 58 வயதில் இந்த எலும்புக்கு டைட்டானியமும் சரிதான், பின்னால் எம்.ஆர்.ஐ. தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் தவிர்க்கிறேன், வேண்டுமானால் பீக் போடலாம், விலை நடுவில் வரும் என்றார். அதற்கு ஒத்துக்கொண்டோம். போட்ட ஆங்கருக்கு மட்டும் பில், உடைந்தால் அது ஆஸ்பத்திரிக் கணக்கு என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிவிட்டேன். ஸ்டிக்கரும் சொல்லியாயிற்று. பிப்ரவரி முதல் வாரம் தேதி. அப்பா பீடி நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார்.

பிசியோ_தண்டையார்பேட்டை

நல்ல முடிவு தம்பி. ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு நாள் அப்பாவைக் கூட்டி வாருங்கள். ஸ்லிங் அளவு பார்த்து, அதைக் கழற்றி மாட்ட அம்மாவுக்கும் சொல்லித் தருகிறேன். இடது கையால் சாப்பிட, பல் தேய்க்க, வேட்டி கட்ட இப்போதே பழகட்டும். முதல் சில வாரம் படுத்துத் தூங்க முடியாது, சாய்ந்துதான் தூங்க வேண்டும். முதுகுக்கு மூன்று தலையணையும், வலது முழங்கைக்கு அடியில் வைக்க ஒரு சின்னத் தலையணையும் எடுத்து வையுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த, பெரிய அளவுச் சட்டை இரண்டு வாங்கிவிடுங்கள். பீடி விஷயத்தில் டாக்டர் சொன்னதை நானும் சொல்கிறேன், அது மூன்றாவது முறை.